தொழில் வரி கட்டுகிறோம். சந்தைக்கு அதில் பங்கு கேட்க முடியுமா? (பாலக்காடு எல்லைப் பஞ்சாயத்து)

கேள்வி: சந்தைமேடு

வணக்கம்ங்க. சித்தூர் தாலுகா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின பஞ்சாயத்து. சந்தை ரோட்டிலும் அதைச் சுத்தியும் ஏறக்குறைய 140 கடை இருக்குது. மளிகை, காய்கறி மொத்தம், தேங்காய் மண்டி, உரக்கடை, பேக்கரி, ரெண்டு மூணு வொர்க்‌ஷாப். அரையாண்டுக்கு ஒருக்கா தொழில் வரி, வருசத்துக்கு ஒருக்கா லைசென்ஸ் பீஸ், கட்டட வரி, மாசாமாசம் குப்பை எடுக்கற ஹரித கர்ம சேனைக்கு யூசர் பீ, எல்லாம் கட்டறோம். 2024 அக்டோபரில் தொழில் வரி ஏறினதிலிருந்து சங்கத்தில் ஒரே பேச்சு: "நம்ம கட்டற தொழில் வரியை நம்ம சந்தைக்கே செலவு பண்ணணும்னு தீர்மானம் போட்டு பஞ்சாயத்துக்குக் கொடுப்போம்."

எங்களுக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்லீங்க. சந்தை ரோட்டோரம் 120 மீட்டருக்கு மூடின சாக்கடை, காய்கறி இறக்கற இடத்துக்கு மேற்கூரை, ஒரு கழிப்பறை, நாலு விளக்கு.

வரி எந்தக் கணக்குக்குப் போகுது, அதில் பங்கு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டா, பொள்ளாச்சிப் பக்கம் வேற மாதிரியா நடக்குதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பதில் 1: கணக்கேடு

தீர்மானத்தில் "எங்கள் தொழில் வரி எங்களுக்கே" என்ற வரியை முதலில் எடுத்துவிடுங்கள். சட்டத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. அதைவிட முக்கியம், கணக்குப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கேரளத்தில் இப்போது அரையாண்டு வருமானம் 12,000 முதல் 17,999 வரை 320 ரூபாய், 18,000 முதல் 29,999 வரை 450, 30,000 முதல் 44,999 வரை 600, 45,000 முதல் 99,999 வரை 750, ஒரு லட்சத்திலிருந்து 1,24,999 வரை 1,000, அதற்கு மேல் 1,250. உங்கள் 140 கடையில் 60 கடை 600 ரூபாய்ப் படியிலும், 60 கடை 750 ரூபாய்ப் படியிலும், 20 கடை உச்சப் படியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 36,000 + 45,000 + 25,000 = 1,06,000. ஆண்டுக்கு 2,12,000 ரூபாய். 140 பேரும் உச்சப் படியே கட்டினாலும் ஆண்டுக்கு 3,50,000-தான். நீங்கள் கேட்கும் கூரை, சாக்கடை, கழிப்பறை மூன்றும் சேர்ந்தால் அந்தத் தொகைக்குள் எங்கே அடங்கும்? பங்கு கேட்டு ஜெயித்தாலும் கைக்கு வருவது விளக்குக் காசு.

இவ்வளவு சின்னத் தொகையாக இருப்பதற்குக் காரணம் பஞ்சாயத்து இல்லை, அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு. ஒருவரிடம் ஓர் உள்ளாட்சி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. முன்பு 250 ஆக இருந்ததை 1988-இல் 60-வது திருத்தம் 2,500 ஆக்கியது. அதோடு நின்றது. 14-வது நிதி ஆணையம் 12,000 ஆக்கச் சொன்னது. 15-வது ஆணையம் 18,000 என்றது. திருத்தம் வரவில்லை.

2024 உயர்வு ஏன் சின்னக் கடைக்காரர்களை மட்டும் கடித்தது என்பதும் இதில்தான் புரியும். கீழ்ப்படியில் 120 ரூபாய் 320 ஆனது, 180 ரூபாய் 450 ஆனது, 300 ரூபாய் 600 ஆனது. மேலே இருந்த 1,000-மும் 1,250-மும் அப்படியே இருக்கின்றன. 1,250-ஐ இரண்டால் பெருக்கினால் 2,500. அங்கே ஏற்ற இடமே இல்லை. கோடிக் கணக்கில் புரளும் மண்டியும், மாதம் 21,000 ரூபாய் மிஞ்சும் பேக்கரியும் ஒரே தொகை கட்டுவது இந்த உச்சவரம்பின் விளைவு. சங்கம் கோபப்பட வேண்டிய இடம் இது.

இனி, பணம் போகும் இடம். தொழில் வரி, கட்டட வரி, லைசென்ஸ் பீஸ், கடைமுறி (பஞ்சாயத்துக்குச் சொந்தமான கடை அறை) வாடகை எல்லாம் பஞ்சாயத்தின் தனது பண்டில், அதாவது சொந்த வருமானக் கணக்கில், ஒன்றாக விழுகின்றன. தெருவிளக்குக் கரண்ட் பில், அலுவலகச் செலவு, மெம்பர்களின் சிட்டிங் பீஸ் என்று அதிலிருந்து போய், மிஞ்சுவது திட்டங்களுக்கு. எந்த வரி எந்தச் செலவுக்கு என்று பிரிப்பதில்லை. வசூலித்தது அந்தக் காரியத்துக்கே போக வேண்டும் என்று சட்டம் கட்டிவைத்ததற்கு உள்ளூரில் நல்ல உதாரணம் நூலக செஸ். கேரளத்தில் கட்டட வரியில் 5 சதவீதம், தமிழ்நாட்டில் சொத்து வரியில் 10 சதவீதம். வியாபாரத்துக்கு அப்படி ஒரு செஸ் கிடையாது.

ஹரித கர்ம சேனைக்குக் கொடுப்பதை வரிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கழிவு எடுக்கும் சேவைக்கான கட்டணம். பாக்கி இருந்தால் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது வம்பாகும்.

---

பதில் 2: ஆனைமலை ரோடு

பொள்ளாச்சிப் பக்கம் பத்திக் கேட்டீங்க. அடிப்படை ஒண்ணுதான்: இங்கயும் தொழில் வரியை உள்ளாட்சியே வசூலிச்சு உள்ளாட்சியே வச்சுக்குது, ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்சுன்னு ரெண்டு அரையாண்டு. வித்தியாசம் ரெண்டு இடத்தில. அரையாண்டு வருமானம் 21,000 வரைக்கும் இங்க வரி இல்லை. உங்களுக்கு 12,000-லயே ஆரம்பிச்சிடுது. அப்புறம், அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா 25 சதவீதத்துக்குக் குறையாம 35 சதவீதத்துக்கு மிகாம ஏத்தணும்னு இங்க சட்டத்திலயே இருக்கு. அதனால ஒரேயடியா ரெண்டு மடங்கு ஏறாது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா ஏறும்.

சந்தைக்கு வேலை நடக்கணும்னா இங்க வியாபாரிகள் கேட்கறது நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூணில் ஒரு பங்கை மக்களோ சங்கமோ கட்டினா மீதியை அரசு போடும். 9 லட்ச ரூபா வேலைன்னா 3 லட்சம் சங்கம். பணத்தை முதல்லயே கட்டணும், அப்புறம்தான் நிர்வாக அனுமதி. இதில் சறுக்கற இடம்: சங்கப் பேரில் பேங்க் கணக்கு இல்லாம ஆளுக்காள் ரொக்கமா வசூல் பண்ணி, கடைசியில் ஒருத்தர் பேரில் டிடி எடுக்கறது. ரசீதில் தனி ஆள் பேர் விழுந்திடும். வேலை நடக்கலைன்னா அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கறதுக்குள்ள சங்கம் ரெண்டாயிடும்.

இன்னொண்ணு. எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு கடை, அந்தப்பக்கம் ஒரு கடைன்னு வச்சிருக்கறவங்களுக்கு: 2,500 உச்சவரம்பு ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் தனித்தனி. ஒரு மாநிலத்தில் கட்டின ரசீதைக் காட்டி இன்னொரு மாநிலத்தில் வேண்டாம்னு சொல்ல முடியாது. ரெண்டு ரசீதையும் வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாக் காட்டிக்கலாம்.

---

பதில் 3: வார்டுசபை

கணக்கேடு சொன்னது சரி. ஆனால் அவர் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கேரளச் சட்டத்தில், ஒரு குறிப்பிட்ட பொது வசதிக்காக ஏற்கெனவே உள்ள வரிமேல் சர்சார்ஜ் (கூடுதல் வரி) போட உள்ளாட்சிக்கு இடம் உண்டு. தொழில் வரி மட்டும் அதில் விலக்கு. அதாவது "சந்தைக்காக" என்று பெயர் சொல்லி வசூலிக்க நடைமுறையில் இருக்கும் கதவு கட்டட வரிதான். அதைத் திறந்தால் சுமை சந்தைக் கடைக்காரரோடு நிற்காது, வீட்டுக்காரரும் வருவார், தீர்மானம் ஓட்டெடுப்பில் விழும். கேரளத்தில் கட்டட வரி 2023 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் தானாக ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னொன்று என்று எந்த மெம்பரும் கை தூக்க மாட்டார். அந்த வழியை மறந்துவிடுங்கள்.

உங்கள் வேலைக்குப் பணம் திட்ட நிதியிலும் நிதி ஆணைய மானியத்திலும் இருக்கிறது. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து மாநிலத் திட்டப் பணத்தில் ஒரு பெரும் பங்கு நேராக உள்ளாட்சிக்குப் போகிறது. அதைக் கேட்க ஒரு காலமும் ஒரு வடிவமும் இருக்கின்றன. வியாபாரி சங்கங்கள் தவறுவது இரண்டிலும்தான்.

காலம்: அடுத்த ஆண்டுத் திட்டம் இந்த நிதியாண்டுக்குள்ளேயே உருவாகிவிடும். பணிக்குழு, கிராம சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, பிறகு பஞ்சாயத்துக் குழு, அதன் பிறகு மாவட்டத் திட்டக் குழு அனுமதி. மார்ச்சில் மனு கொடுப்பவர்கள் ஒரு முழு ஆண்டு பிந்திவிடுகிறார்கள். கார்த்திகைக்குள் உங்கள் காகிதம் பணிக்குழு கையில் இருக்க வேண்டும். கிராம சபையில் எழுந்து பேசினால் மட்டும் போதாது. மினிட்ஸில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுதொழில் பணிக்குழுவில் வியாபாரி ஒருவரை உறுப்பினராகச் சேர்க்கத் தடையில்லை, கேளுங்கள். பிளாக்கில் இருக்கும் தொழில் விரிவாக்க அலுவலரை அங்கே பிடிக்கலாம்.

வடிவம்: "சந்தை மேம்பாடு" என்று ஒரே பொட்டலமாகக் கொடுத்தால் அது எந்தத் தலைப்பிலும் உட்காராது. நாலாகப் பிரியுங்கள். சாக்கடையும் கழிப்பறையும் சுகாதாரம். 15-வது நிதி ஆணைய மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் இரண்டுக்கும் மட்டுமே என்று கட்டி வைத்த பணம். பல பஞ்சாயத்துகள் அதைச் செலவழிக்க வேலை தேடிக்கொண்டிருக்கும். மேற்கூரைக்குக் கட்டில்லாத 40 சதவீதமோ திட்ட நிதியோ. விளக்குக்குத் தனது பண்டு. அந்த ஆணையத்தின் காலம் 2026 மார்ச் வரை. அதற்குப் பிந்திய ஆண்டுக்கு எழுதும்போது அந்த ஆண்டின் உத்தரவைப் படித்துவிட்டு விகிதத்தைப் போடுங்கள்.

எஸ்டிமேட் போடுவது பஞ்சாயத்து எஞ்சினீயரிங் பிரிவு. அவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் பார்த்துவைக்க வேண்டியவை:

நிலம் யாருடையது? சந்தைத் திடல் பஞ்சாயத்தின் ஆஸ்தி ரிஜிஸ்டரில் இருக்கிறதா, இல்லை ரெவின்யூ புறம்போக்கா? ரிஜிஸ்டரில் இல்லாத நிலத்தில் கட்டினால் ஆடிட் ஆட்சேபம் வரும் என்று செக்ரெட்டரி கையெழுத்துப் போட மாட்டார், அதில் நியாயமும் உண்டு. சந்தை ரோடு பொதுப்பணித் துறை ரோடாக இருந்தால் சாக்கடைக்கு அவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். திட்டங்கள் முடியாமல் அடுத்த ஆண்டுக்கு ஸ்பில் ஓவர் ஆவதில் பாதி இந்த ஒரு கடிதத்தால்தான் என்பது என் கணிப்பு.

தண்ணீர் எங்கே போய் விழும்? 120 மீட்டர் சாக்கடைக்கு 200-க்கு 1 சரிவு என்றால் மறுமுனை 60 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அந்த இறக்கம் தரையில் இல்லாவிட்டால் தோண்டும் ஆழம் கூடும், செலவு கூடும். மறுமுனையில் நீர்ப்பாசனக் கால்வாய் இருந்தால் அதில் விட விடமாட்டார்கள், விடவும் கூடாது. உறிஞ்சு குழியோ வேறு பாதையோ எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும். வால் இல்லாமல் கட்டிய சாக்கடை முதல் மழைக்கே கடைக்குள் திரும்பும்.

காய்கறிச் சந்தை என்பதால் அடைப்பு வருவது மண்ணால் அல்ல, முட்டைக்கோஸ் இலையாலும் வாழைச் சருகாலும். 10 மீட்டருக்கு ஒரு கம்பித் தடுப்பும் அதன் கீழே வண்டல் குழியும் கேளுங்கள். மேல் மூடி இரண்டு பேர் தூக்கக்கூடியதாக இருக்கட்டும். 60-க்கு 50 சென்டிமீட்டர், கனம் 7.5 சென்டிமீட்டர் ஸ்லாப் சுமார் 55 கிலோ வரும், தூக்கி வைக்கலாம். லாரி ஏறும் இடத்தில் அது ஒரு மாதம் தாங்காது. அங்கே மட்டும் கூடுதல் கம்பி கட்டி 15 சென்டிமீட்டர் போட வேண்டும். முழு நீளத்துக்கும் கனமான ஸ்லாப் போட்டுவிட்டு, பிறகு யாராலும் திறக்க முடியாமல் நாறும் சாக்கடைகள் எத்தனையோ சந்தைகளில் இருக்கின்றன.

மொழி: சித்தூர் தாலுகாவில் மனுவைத் தமிழில் கொடுக்கலாம், தமிழில் பதில் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் திட்டத்தின் பெயரையும் இரண்டு வரிச் சுருக்கத்தையும் மலையாளத்திலும் எழுதி மேலே வையுங்கள். திட்டங்களைப் பதியும் சுலேகா மென்பொருளில் ஏற்றுகிற கிளார்க் தானே பெயர் சூட்டும்போதுதான் "காய்கறி இறக்குமிடம்" என்பது "பஸ் காத்திருப்பு நிலையம்" ஆகிறது.

---

சந்தைமேடு மறுபடியும்:

ரொம்ப நன்றிங்க. கோபம் கொஞ்சம் தணிஞ்சுது, வேலை கூடிப்போச்சு. ஒரு சந்தேகம். முதலமடைப் பக்கம் மாங்காய் சீசனுக்கு வெளியூர் வியாபாரிகள் வந்து ஷெட் போட்டு, லாரி லாரியா ஏத்திட்டுப் போறாங்க. அவங்க தொழில் வரி கட்டறதாத் தெரியலை. இருக்கிற எங்க தலையில மட்டும் ஏத்தறாங்களேன்னு இங்க பேச்சு.

---

பதில் 4: கணக்கேடு

அதற்குச் சட்டமே ஓட்டை வைத்திருக்கிறது. ஓர் அரையாண்டில் மொத்தம் 60 நாளாவது தொழில் செய்தால்தான் தொழில் வரி. மாங்காய் சீசனோ மார்ச் 31-இல் இரண்டாக வெட்டுப்படுகிறது. பிப்ரவரி 10-ஆம் தேதி ஷெட் போட்டு மே 25-இல் கிளம்பும் வியாபாரியைப் பாருங்கள். முதல் அரையாண்டில் பிப்ரவரி 19 நாள், மார்ச் 31 நாள், ஆக 50. அடுத்ததில் ஏப்ரல் 30, மே 25, ஆக 55. 105 நாள் வியாபாரம், இரண்டு பக்கமும் 60-ஐத் தொடவில்லை. வரி பூஜ்யம். அவர் ஏய்க்கவில்லை.

ஜனவரியிலேயே இறங்குபவர் மாட்டுவார். ஆனால் அவர் எப்போது வந்தார் என்பதற்குப் பஞ்சாயத்திடம் சான்று வேண்டும். வரி எட்டாத இடத்தில் லைசென்ஸ் எட்டும். தற்காலிக ஷெட்டானாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் உள்ளூர்க்காரர்தானே. அவர் வழியாக லைசென்ஸும் யூசர் பீயும் கேட்கலாம். சங்கம் புகார் எழுதுவதைவிட, சீசன் தொடங்கும்போது தேதி போட்டு ஷெட் பட்டியல் கொடுப்பது பலன் தரும்.

இதேபோல உள்ளூரிலும் ஒரு கசிவு உண்டு. 2019-இன் சிறுகுறு தொழில் வசதிச் சட்டத்தின்படி கே-ஸ்விஃப்ட் என்ற அரசு இணையதளத்தில் ஒப்புகைச் சான்று எடுத்தவர்கள், சிவப்பு வகைத் தொழில் (மாசு அதிகமுள்ளது) இல்லையென்றால், மூன்று ஆண்டுக்கு உள்ளூர் அனுமதிகள் இல்லாமலே நடத்தலாம். அது அனுமதியிலிருந்துதான் விலக்கு, தொழில் வரியிலிருந்து இல்லை. சான்று இருக்கிறதே என்று வரியும் கட்டாமல் விட்டு, மூன்று ஆண்டு முடிந்து லைசென்ஸுக்குப் போகும்போது ஆறு அரையாண்டுப் பாக்கியை மொத்தமாகப் பார்த்து முழிப்பவர்கள் உண்டு. மூன்று ஆண்டு முடிந்தபின் அனுமதிகளை வாங்க ஆறு மாதம்தான் அவகாசம் என்பதையும் சங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

பஞ்சாயத்திடம் போகும் முன் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரே ஒரு தாள் வாங்குங்கள்: உங்கள் வார்டுக்கான தொழில் வரி டிமாண்ட், கலெக்‌ஷன், பாலன்ஸ் (கேட்டது, வசூலானது, பாக்கி). "எல்லாரும் கட்டறோம்" என்று நீங்கள் சொல்ல, அவர்கள் பாக்கிப் பட்டியலை விரித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. முதலில் பாக்கியைக் கட்டுங்கள், பிறகு கேளுங்கள்.

---

பதில் 5: நகரி ரோட்டோரம்

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு சேதி, ஒப்பிட்டுப் பார்க்க. இங்கே தொழில் வரியை 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் வணிக வரித் துறை வசூலிக்கிறது. சம்பளக்காரருக்கு மாதம் 15,000 வரை இல்லை, 20,000 வரை 150 ரூபாய், அதற்கு மேல் 200. மாதா மாதம் பிடித்தம். ஊராட்சிக்கும் வியாபாரிக்கும் இதில் நேர்ப் பேச்சே கிடையாது. நீங்கள் பஞ்சாயத்து வாசலில் நின்று கேட்கவாவது முடிகிறது. இங்கே "எங்க வரி எங்கே" என்று கேட்பதற்கு வாசலே தெரியாது.

ஆனால் தொழிற்பேட்டைகளில் வேறொரு ஏற்பாடு உருவானது. ஐலா என்பார்கள். பேட்டைக்குள் சொத்து வரியைப் பேட்டை நிர்வாகமே வசூலித்து, ஒரு பங்கை ஊராட்சிக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் பேட்டையின் ரோடு, விளக்கு, வடிகாலைப் பார்த்துக்கொள்ளும். "எங்கள் வரி எங்கள் இடத்துக்கே" என்பதற்கு நம் பக்கம் மிக அருகில் வருவது இதுதான். பேட்டைக்குள் இருப்பவருக்கு நல்லது. சுவருக்கு வெளியே இருக்கும் ஊருக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. ஊராட்சித் தலைவர்களுக்கு இது பிடித்ததே இல்லை.

---

பதில் 6: ஏலக்காய் மூட்டை

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால், சங்கம் எதைக் கேட்கலாம் என்பது பிடிபடும். இங்கிலாந்தில் ஒரு கடைவீதிக் கடைக்காரர்கள் தாங்களே ஓட்டுப் போட்டு, தங்கள் வீதிக்கு மட்டும் கூடுதல் வரி போட்டுக்கொள்ளலாம். ஓட்டு இரண்டு முறை எண்ணப்படும்: தலைக்கணக்கில் பெரும்பான்மை, வரி மதிப்புக் (வரி போடுவதற்காகக் கட்டடத்துக்கு வைக்கும் மதிப்பு) கணக்கிலும் பெரும்பான்மை. ஒரு பெரிய கடை மட்டும் நினைத்தாலும் நடக்காது, சின்னக் கடைகள் மட்டும் கூடினாலும் நடக்காது. ஐந்தாண்டில் காலாவதி, தொடர வேண்டுமென்றால் மறுபடி ஓட்டு. லண்டனில் கிராஸ்ரெயில் ரயில்பாதைக்கு 2010 ஏப்ரலிலிருந்து அந்த மதிப்பில் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதல் வரி போட்டபோது, வரி மதிப்பு 55,000 பவுண்டுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மட்டும் போட்டார்கள், சின்னக் கடைகள் தப்பின. அமெரிக்காவின் டெக்சாஸில் நகர மக்கள் ஓட்டெடுப்பு நடத்தி விற்பனை வரியில் ஒரு துண்டைப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்துக்கு ஒதுக்கலாம். ஆனால் உள்ளூர் விற்பனை வரி எல்லாம் சேர்ந்து 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நம்மிடம் விற்பனை வரியில் உள்ளாட்சிக்குக் கையே இல்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது விளம்பர வரியும் போய்விட்டது. கேளிக்கை வரி மட்டும் தப்பியது. அதனால் அந்த வரிகளை இங்கே கேட்பதில் பயனில்லை, ஆனால் அந்த நடைமுறையை எடுத்துக்கொள்ளலாம். சங்கத்துக்குள்ளேயே கடை எண்ணிக்கையிலும் கடையின் சதுர அடியிலும் இரட்டைப் பெரும்பான்மை வைத்து, மூன்றாண்டுக்கு மட்டும் என்று சந்தா முடிவு செய்யுங்கள். சாக்கடையும் கழிப்பறையும் கட்டித்தருவதைப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும் என்றால், சாக்கடையை வாரம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்ய ஆள் கூலி, விளக்கு பழுது, கழிப்பறைப் பராமரிப்பு உங்களுடையது. இதை எழுத்தில் கொடுத்தால் திட்ட விண்ணப்பத்தின் எடை கூடும். பராமரிக்க ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால்தான் பல கழிப்பறைகள் திறப்புவிழாவோடு பூட்டப்படுகின்றன.

---

பதில் 7: வார்டுசபை

மேலே சொன்னதற்கு ஒத்துப்போகிறேன். ஒரே ஓர் எச்சரிக்கை: கூரை கேட்கப் போனால், "கூரை எதற்கு, மேலே கடைமுறி கட்டி வாடகைக்கு விடுவோம், கடன் வாங்கிக்கலாம்" என்று யாராவது கிளப்புவார்கள். உள்ளாட்சிக் கட்டடங்களுக்குக் கடன் கொடுக்க மாநில நகர–கிராம வளர்ச்சி நிதிக் கழகம் இருக்கிறது, திட்டம் காகிதத்தில் அழகாகவே இருக்கும். சங்கம் இதற்குத் தலையாட்டும் முன் வாடகைக் கணக்கைப் பாருங்கள். பஞ்சாயத்துக் கடைமுறியை ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி எடுத்தால், வாடகைக்கு 18 சதவீத வரியைப் பஞ்சாயத்து அல்ல, எடுத்தவரே ரிவர்ஸ் சார்ஜில் நேராகக் கட்ட வேண்டும். வழக்கமான பதிவில் இருப்பவருக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பும். காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருக்கும் மளிகைக்காரருக்குத் திரும்பாது. 10,000 வாடகை அவருக்கு 11,800. ஏலத்தில் இந்த 1,800-ஐக் கணக்கில் வைக்காமல் ஏற்றிவிட்டு, ஆறு மாதத்தில் சாவியைத் திருப்பிக் கொடுப்பதும், முறி பூட்டிக் கிடப்பதும், கடன் தவணையைத் தனது பண்டிலிருந்து கட்டுவதும் நடக்கிறது. அப்போது உங்கள் தொழில் வரி நிஜமாகவே சந்தைக்குத்தான் போகும், ஆனால் வட்டியாக.

கூரை மட்டும் கேளுங்கள். தூண் இடைவெளி லாரி திரும்பும் அளவுக்கு இருக்கிறதா என்று ஓவர்சீர் அளக்க வரும் நாளில் ஒரு லோடு லாரியை நிறுத்தி வைத்துக் காட்டுங்கள்.

---

சந்தைமேடு:

சரிங்க. டிமாண்ட் பட்டியலுக்கு நாளைக்கே மனு எழுதறோம். ரோடு யாருடையதுன்னு ஓவர்சீர்கிட்ட கேட்டுட்டு இங்கயே வந்து எழுதறேன்.